கைக்கும் கரன்ட்டுக்கும் நடுவே… சின்தசைஸர் தந்த மனிதரின் கதை!

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கானா கச்சேரி நடந்தால் ஒருமுறை மேடைக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். பாடகரை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் கீபோர்டு வாசிப்பவரின் இடது கையைக் கவனியுங்கள். வலது கை கட்டைகளின் மேல் ஓடிக்கொண்டிருக்கும். இடது கையோ ஓரத்தில் இருக்கும் ஒரு சின்னச் சக்கரத்தையோ லீவரையோ தள்ளும், இழுக்கும், மெல்ல விடும். அந்த நொடியில்தான் சுரம் வளையும், குழையும். மெஷின் சத்தமாக இருந்தது மனுஷன் அழுவது மாதிரி ஆகிவிடும்.

அந்தச் சக்கரம் பிரபலமானது 1970-ல் அமெரிக்காவில் வந்த மினிமோக் என்ற கருவியால். அந்தக் கருவியின் பெயரில் ஒளிந்திருப்பவர் ராபர்ட் மோக். நண்பர்களுக்கு பாப். அவர் பெயரைப் பலர் 'மூக்' என்றே சொல்கிறார்கள். அவர் குடும்பத்தில் சொல்வது 'மோக்'. நாமும் அப்படியே சொல்வோம்.

இன்று லேப்டாப்பிலேயே முழு சின்தசைஸரையும் இறக்கிக்கொள்ளலாம். சிலது இலவசம். ஆனாலும் இசைக்காரர்கள் காசு போட்டு நாப், ஃபேடர், பேட் எல்லாம் வைத்த பெட்டிகளை வாங்கி லேப்டாப்பில் சொருகுகிறார்கள். எல்லாமே திரையில் இருக்கும்போது இந்தப் பெட்டி எதற்கு? மோக்கின் 71 வருட வாழ்க்கையே இந்தக் கேள்விக்குப் பதில்தான்.

காற்றில் வாசித்த பையன்

மோக் பிறந்தது 1934 மே 23, நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில். அப்பா மின்வாரியம் போன்ற ஒரு பெரிய மின் கம்பெனியில் இன்ஜினீயர். மகன் பியானோ கலைஞனாக வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. பையன் பியானோ வகுப்புக்கும் போனான். ஆனால் மனசு முழுக்க அப்பாவின் பட்டறையில்தான். சால்டரிங் அயர்ன், வால்வு, ஒயர் என்று அங்கேயே கிடப்பான். அம்மா கேட்ட இசையும் அப்பா தந்த கரன்ட்டும் அவனுக்குள் ஒன்றாகச் சேர்ந்தது 14 வயதில். பத்திரிகையில் வந்த வரைபடத்தைப் பார்த்து ஒரு தெரமினைச் செய்துவிட்டான்.

தெரமின் ஒரு விசித்திரமான கருவி. 1920 வாக்கில் ரஷ்ய விஞ்ஞானி லியோன் தெரமின் உருவாக்கியது. ஒரு பெட்டியில் இரண்டு ஆன்டெனா, அவ்வளவுதான். வாசிப்பவர் எதையும் தொடவே மாட்டார். வலது கையை ஆன்டெனாவுக்கு அருகே கொண்டுபோனால் சுருதி ஏறும், விலக்கினால் இறங்கும். இடது கையை அசைத்தால் சத்தம் கூடும், குறையும். கட்டையும் கிடையாது, வீணையில் இருப்பது போல மெட்டும் கிடையாது. ஸ-வுக்கும் ரி-க்கும் நடுவே எத்தனை புள்ளிகள் உண்டோ அத்தனையிலும் நிற்கலாம். கமகம் தெரிந்த காதுக்கு இது சொர்க்கம். கை கொஞ்சம் நடுங்கினாலும் ஊருக்கே தெரிந்துவிடும் என்பதால் வாசிப்பவருக்கு நரகமும் கூட!

1954-ல், 19 வயதில், தெரமின் செய்வது எப்படி என்று மோக் ஒரு கட்டுரை எழுதினார். அப்பாவும் மகனும் வீட்டிலேயே தெரமின் செய்து விற்கும் தொழிலைத் தொடங்கினார்கள். படிப்பும் ஓடியது. குயின்ஸ் கல்லூரியில் இயற்பியல், கொலம்பியாவில் மின்பொறியியல், பிறகு கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு. 1961-ல் தெரமினைப் பாகம் பாகமாகக் கொடுத்து, வாங்கியவரே கோத்துக்கொள்ளும் 'கிட்' ஒன்றை அறிவித்தார். சுமார் 1,000 கிட் விற்றது. படிக்கும் பையன் கையில் அது பெரிய பணம். அதை நம்பித்தான் ட்ரூமன்ஸ்பர்க் என்ற சிற்றூரில் கடை போட்டார்.

காலிங் பெல் பொத்தானில் பிறந்த இசை

1963 கடைசியில் ஓர் இசை ஆசிரியர்கள் மாநாட்டில் ஹெர்ப் டாய்ச் என்ற இசையமைப்பாளரைச் சந்தித்தார் மோக். அப்போது எலெக்ட்ரானிக் இசை என்றால் டேப்பை வெட்டி ஒட்டும் வேலை. சில நிமிட இசைக்கு வாரக்கணக்கில் உட்கார வேண்டும். கையால் தொட்டால் உடனே சத்தம் வரவேண்டும் என்பது டாய்ச்சின் ஏக்கம். 1964 கோடையில் இருவரும் சில வாரங்கள் சேர்ந்து உட்கார்ந்தார்கள்.

மோக் கண்டுபிடித்த வழி, கேட்க ரொம்ப எளிமை. ஒலியை உண்டாக்கும் சர்க்யூட், ஒலியின் கூர்மையை வடிகட்டும் சர்க்யூட், சத்தத்தை ஏற்றி இறக்கும் சர்க்யூட். இவை ஒவ்வொன்றையும் தனித்தனிப் பெட்டியாக்கினார். ஒவ்வொன்றையும் கையால் திருப்பலாம், இன்னொரு பெட்டியிலிருந்து வரும் மின்னழுத்தத்தாலும் திருப்பலாம். 1 வோல்ட் கூட்டினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும். மத்திய ஸட்ஜம் தார ஸட்ஜம் ஆகிவிடும். எந்தப் பெட்டியின் வாயில் எந்த ஒயரைச் சொருகுவது என்பது வாசிப்பவர் இஷ்டம். பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரி ஒயர் காடாக இருக்கும். பெட்டிகளைப் பிரித்தும் சேர்த்தும் அடுக்கலாம் என்பதால் இதற்கு 'மாடுலர்' என்று பெயர் வந்தது.

சத்தம் வந்துவிட்டது. ஆனால் அது வந்துகொண்டே இருந்தது! தாளக்காரர் தட்டியதும் எழுந்து அடங்குகிற மாதிரி ஒரு சுரம் தொடங்கி முடிய வேண்டாமா? டாய்ச் இதைச் சொன்னதும், காலிங் பெல் பொத்தான் ஒன்றை வாங்கிவரச் சொன்னார் மோக். அதை ஒரு சர்க்யூட்டோடு இணைத்தார். பொத்தானை அழுத்தினால் சத்தம் எழும், விட்டால் தேயும். சுரம் எப்படி எழுந்து, நின்று, அடங்குகிறது என்பதைத் தீர்மானிக்கும் 'என்வலப்' இன்று எல்லா சின்தசைஸர்களிலும் உண்டு. அதன் முதல் வடிவத்தை இயக்கியது, கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைத்த ஒரு பொத்தான்.

அந்த அக்டோபரில் நியூயார்க்கில் நடந்த ஒலிப்பொறியாளர் மாநாட்டில் தன் பெட்டிகளை ஒரு மேஜையில் வைத்தார். அங்கேயே ஆர்டர் வந்தது. எதிர்பார்க்காமல் உற்பத்தியாளர் ஆனார் மோக்.

கட்டை வேண்டுமா, வேண்டாமா?

இங்கேதான் ஒரு பெரிய சண்டை. ஏறக்குறைய அதே காலத்தில் சான்ஃபிரான்சிஸ்கோ பக்கம் டான் புக்லா என்பவரும் மாடுலர் கருவி செய்தார். புதிய ஒலிக்குப் பழைய பியானோ கட்டைகளை வைத்தால் பழைய பாட்டுதான் வரும் என்பது அவர் கட்சி. கட்டைகளுக்குப் பதில், தொட்டால் உணரும் தகடுகளை வைத்தார். மோக்கோ வாங்குபவர்கள் கேட்டதைக் கேட்டு கறுப்பு வெள்ளைக் கட்டைகளையே கொடுத்தார். அதோடு, விரலைத் தேய்த்தால் சுருதி வழுக்கிப்போகும் ரிப்பன் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தார். தெரமினை மறக்க முடியாத மனுஷன் ஆயிற்றே!

இந்தச் சண்டை நமக்குப் புதிதில்லை. வடசென்னைக்காரர்களுக்கு இன்னும் பழையது. இன்று ரிஃபைனரியும் லாரிகளுமாக இருக்கும் மணலியில், 200 வருடங்களுக்கு முன்பு மணலி முதலியார் குடும்பம் ராமஸ்வாமி தீட்சிதர் குடும்பத்தை ஆதரித்து வந்தது. தீட்சிதரின் மகன்களைக் கோட்டைக்கு அழைத்துப்போய் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாத்தியத்தைக் கேட்க வைத்தார்கள். இளைய மகன் பாலுஸ்வாமி தீட்சிதருக்கு வயலின் மேல் ஆசை. அவருக்கு ஐரோப்பிய வாத்தியார் ஒருவரை ஏற்பாடு செய்தது மணலி குடும்பம். கப்பலேறி வந்த அந்தக் கருவி கர்னாடக இசைக்குள் வந்தது இப்படித்தான். வயலினின் உடல் மாறவில்லை. தந்திகளின் சுருதி மாறியது. நின்று வாசித்தது போய், தரையில் உட்கார்ந்து கால் பக்கம் சாய்த்துப் பிடிக்கும் பழக்கம் வந்தது. விரலை வழுக்கவிட்டால் கமகம் வந்தது.

அதே ஐரோப்பாவிலிருந்து வந்த ஹார்மோனியத்துக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. இரண்டு கட்டைகளுக்கு நடுவே அதால் நிற்க முடியாது. 1940 முதல் 1971 வரை அகில இந்திய வானொலியில் அதற்குத் தடையே இருந்தது. ஒலி எவ்வளவு நன்றாக இருந்தாலும், கை அதை எப்படிப் பிடிக்கிறது என்பதுதான் நம்மூரில் ஒரு வாத்தியத்தின் தலையெழுத்தைத் தீர்மானித்திருக்கிறது. மோக்கின் தலையெழுத்தும் அதுதான்.

புகழ் வந்தது, பெயர் போனது

1968-ல் வெண்டி கார்லோஸ், பாக் என்ற ஜெர்மானிய மேதையின் இசையை மோக் கருவியில் வாசித்து ஒரு ஆல்பம் வெளியிட்டார். ஒரே நேரத்தில் ஒரே ஒரு சுரம்தான் வாசிக்க முடியும். சூடு ஏறினால் சுருதி நகர்ந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகப் பதிவு செய்து அடுக்கிய இசை அது. லட்சக்கணக்கில் விற்று, 3 கிராமி விருதுகளையும் வாங்கியது. கட்டையை மெதுவாகத் தொட்டாலும் ஓங்கித் தொட்டாலும் ஒரே சத்தம் வருகிறதே என்று கார்லோஸ் மோக்கை விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். தொடுதலை உணரும் கீபோர்டு ஒன்றை அவருக்காகச் செய்து தந்தார் மோக். 1969-ல் பீட்டில்ஸின் 'அபே ரோடு' ஆல்பத்திலும் மோக் ஒலித்தது.

அதே 1969-ல் ஒரு மோக் மாடுலர் இந்தியாவுக்கும் வந்தது. இறங்கிய இடம் அகமதாபாத், தேசிய வடிவமைப்பு நிறுவனம். அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் வந்து ஸ்டூடியோவை அமைத்துக் கொடுத்தார். நியூயார்க்கில் ஜான் கேஜுக்கு இந்திய இசை சொல்லிக்கொடுத்த கீதா சாராபாய் உள்ளிட்ட சிலர் அதில் இசை செய்தார்கள். சில வருடங்களிலேயே ஸ்டூடியோ ஓய்ந்துவிட்டது. பல வருடங்களுக்குப் பிறகு அந்த டேப்புகளைத் தேடி எடுத்தார் பால் பர்கஸ் என்ற கலைஞர். 2023-ல் அவை ஆல்பமாக வந்தன. பேச்சையும் பறவைச் சத்தத்தையும் இங்கே உட்கார்ந்து ஒயரில் கோத்துப் பார்த்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது.

உலகமே பேசினாலும் கல்லாவில் பணமில்லை. மாடுலர் கருவி பீரோ சைஸ், விலையோ வீட்டு விலை. மோக் ஊரில் இல்லாத நேரத்தில் அவரிடம் வேலை பார்த்த பொறியாளர்கள் மீதிக் கிடந்த பாகங்களைக் கோத்து, தூக்கிக்கொண்டு போகிற அளவில் ஒரு கருவி செய்தார்கள். அதுதான் மினிமோக். ஒயர் சொருகும் வேலையே கிடையாது. இடது கைப் பக்கம் இரண்டு சக்கரங்கள். ஒன்று சுருதியை வளைக்க, இன்னொன்று அதிர்வு சேர்க்க. 1970 முதல் 1981 வரை சுமார் 12,000 விற்றது. கிடார் கலைஞர் தந்தியை இழுத்து அழ வைப்பதைக் கீபோர்டு கலைஞர்களும் செய்ய முடிந்தது.

ஆனால் அதற்குள் கடன் கழுத்தை நெரித்துவிட்டது. 1971-ல் கம்பெனி கைமாறியது. 1973-ல் இன்னொரு பெரிய கம்பெனி வாங்கியது. தன் பெயரில் இருந்த கம்பெனியிலேயே சம்பளக்காரர் ஆனார் மோக். 1977-ல் வெளியேறினார். பெயர் கம்பெனியோடு தங்கிவிட்டது. இனி அவர் எதைச் செய்தாலும் அதன்மேல் 'மோக்' என்று எழுத முடியாது. 43 வயதில் சொந்தப் பெயரைக் கடையில் வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்த மனிதரை நினைத்துப் பாருங்கள்.

மலையடிவாரத்தில் ஒரு பட்டறை

1978-ல் வடக்கு கரோலினா மாநிலத்தின் ஆஷ்வில் பக்கம் குடியேறினார். பிக் பிரையர் என்று சின்னதாக ஒரு கடை. அங்கே அவர் எடுத்த வேலைதான் இந்தக் கதையின் உயிர். புது ஒலிப் பெட்டி செய்வதைவிட, ஒலியைப் பிடிக்கும் பிடிகளைச் செய்வதில்தான் இறங்கினார். தொட்டால் உணரும் பலகைகள், தெரமின்கள். ஜான் ஈட்டன் என்ற இசையமைப்பாளருக்காக ஒரு கீபோர்டு. அதில் ஒவ்வொரு கட்டையும், விரல் எவ்வளவு அழுத்துகிறது, கட்டையின் எந்த இடத்தில் நிற்கிறது, எவ்வளவு பரப்பைத் தொடுகிறது என்று தனித்தனியாக உணரும். 1960-களின் கடைசியில் முளைத்த யோசனை. கருவி கைக்கு வந்தது 1990-களின் தொடக்கத்தில். 20 வருடத்துக்கு மேல்!

இடையில் உலகம் வேறு பக்கம் ஓடியது. ஒரு கம்பெனியின் கீபோர்டு இன்னொரு கம்பெனியின் கருவியோடு பேச 'மிடி' என்ற பொது மொழி 1983-ல் வந்தது. அதை உருவாக்கியவர்கள் டேவ் ஸ்மித்தும் ஜப்பானின் இகுதாரோ ககேஹாஷியும். அப்படி ஒன்று வரப்போவதை முன்கூட்டியே தன் பத்தியில் எழுதி உலகத்துக்குச் சொன்னவர்களில் மோக்கும் ஒருவர். இன்று நாம் லேப்டாப்பில் சொருகும் கண்ட்ரோலர்கள் பெரும்பாலும் பேசுவது இந்த மொழியைத்தான்.

மிடியில் ஒரு சூட்சுமம். சாதாரண நாப்பைத் திருப்பினால் அது 0 முதல் 127 வரை 128 படிகளில்தான் நகரும். படி படியாக ஏறுவது சில நேரம் காதிலேயே கேட்கும். சுருதியை வளைக்கும் சக்கரத்துக்கு மட்டும் 16,384 படிகள் கொடுத்தார்கள். சத்தம் துள்ளினால் காது மன்னித்துவிடும். சுருதி துள்ளினால் மன்னிக்காது. கானா மேடையில் அந்தச் சக்கரம் வழுக்கிக்கொண்டு போவதற்கு இந்தக் கணக்குதான் காரணம். மோக்கின் பழைய பெட்டிகளிலோ படியே கிடையாது. வோல்டேஜ் தண்ணீர் மாதிரி ஏறும், இறங்கும்.

திரைக்குள் போன பெட்டி

2001-ல் ஸ்வீடனின் போலார் இசைப் பரிசு. 2002-ல் தொழில்நுட்பத்துக்கான கிராமி. அதே வருடம் சட்டப் போராட்டம் முடிந்து, 25 வருடத்துக்குப் பிறகு அவர் பெயர் அவரிடமே திரும்பியது. மினிமோக் வாயேஜர் என்ற புதுக் கருவியை வெளியிட்டார். அதன் நடுவில் விரலால் தடவி ஒலியை மாற்றும் ஒரு சின்னப் பலகை. பிக் பிரையர் காலத்து ஆசை அது.

2003-ல் பிரான்ஸின் ஆர்ட்டூரியா கம்பெனி, மோக் மாடுலர் முழுவதையும் சாஃப்ட்வேராக எழுதி வெளியிட்டது. மோக்கின் ஒத்துழைப்போடுதான். பீரோ சைஸ் கருவி சிடிக்குள் அடங்கிவிட்டது. ஒயரை மவுஸால் இழுத்துச் சொருகலாம். ஆனால் மவுஸ் ஒன்றுதானே? ஒரு கை ஃபில்டரைத் திறக்கும்போதே இன்னொரு கை சுருதியை வளைப்பது எப்படி? டாய்ச்சுக்குக் காலிங் பெல் பொத்தான் தேவைப்பட்ட அதே இடத்துக்கே கதை திரும்பி வந்தது.

2005 ஏப்ரலில் மூளையில் கட்டி என்று தெரிந்தது. நான்கு மாதம்கூட ஆகவில்லை. ஆகஸ்ட் 21 அன்று ஆஷ்வில் வீட்டில் காலமானார். வயது 71.

நம்ம கைக்கு என்ன வேண்டும்?

அவர் போன பிறகு சாஃப்ட்வேர் மாடுலர் இன்னும் வளர்ந்துவிட்டது. 2017-ல் வந்த விசிவி ராக்கை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். நூற்றுக்கணக்கான பெட்டிகள் திரையில் கிடைக்கும். அதற்கேற்ப கண்ட்ரோலர்களும் மாடுலர் ஆகிவிட்டன. எனக்கு நாப் எட்டு போதும், ஃபேடர் நான்கு வேண்டும், ஒரு பேட் வேண்டும் என்று துண்டு துண்டாகச் சேர்த்துக்கொள்ளும் வகைகள் வருகின்றன.

வாங்க நினைப்பவர்களுக்கு மோக் வாழ்க்கை சொல்லும் யோசனை சிலது உண்டு. நாப் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். நீங்கள் செய்யும் இசையில் எந்த மூன்று, நான்கு விஷயங்கள் வாசிக்கும்போதே மாற வேண்டும் என்று முதலில் எழுதிப் பாருங்கள். கானாவோ கர்னாடகமோ, குழைவுதான் உயிர் என்றால் சுருதிச் சக்கரமோ ரிப்பனோ முதலில் வேண்டும். தாளம்தான் என்றால், அழுத்தத்தை உணரும் பேட். ஒலியின் நிறத்தை மெதுவாக மாற்றுவதுதான் என்றால் நீளமான ஃபேடர். கடையில் பெட்டியைக் கையில் எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு திருப்பிப் பாருங்கள். எது எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரிகிறதா? மேடையில் லைட் அணைந்தால் கைகொடுக்கப் போவது அதுதான். மற்றதை லேப்டாப் பார்த்துக்கொள்ளும்.

நம் ஊரிலேயே இதற்கு அழகான சாட்சி உண்டு. 'டெல்லி-6' படத்தின் 'ரெஹ்னா தூ' பாடலில் ஏ.ஆர்.ரஹ்மான் கன்டினியம் என்ற கருவியை வாசித்திருப்பார். கட்டையே இல்லாத ஒரு மெத்தைப் பலகை. விரல் வழுக்கும் இடமெல்லாம் சுருதி வழுக்கும். தொழில்நுட்பம் அமெரிக்கா, விரல் சென்னை. ரஹ்மானின் அப்பா ஆர்.கே.சேகர் 1976-ல் 43 வயதில் மறைந்தபோது குடும்பத்துக்குச் சோறு போட்டது, அவர் விட்டுப்போன வாத்தியங்களை வாடகைக்கு விட்ட பணம்தான். இந்த ஊரில் ஒரு கீபோர்டு என்பது எப்போதுமே வெறும் கீபோர்டு இல்லை.

மோக் ஒட்டுமொத்த சின்தசைஸரையும் தன் சொத்தாகக் காப்புரிமை எடுத்து வைக்கவில்லை. முக்கியமாக எடுத்தது ஃபில்டர் சர்க்யூட்டுக்குத்தான். எடுத்திருந்தால் பெரிய பணக்காரர் ஆகியிருக்கலாம், கம்பெனியும் பெயரும் கையை விட்டுப் போகாமல் இருந்திருக்கலாம். அப்படி நடக்காததால்தான் வோல்டேஜ் கணக்கும், என்வலப்பும், இடது கைச் சக்கரமும் ஊர்ச் சொத்தாகி, ஜப்பான் வழியாகக் கப்பலேறி, நம் ஊர் மேடை வரை வந்துவிட்டன. காசிமேட்டில் சாவு வீட்டுக்கு வெளியே விடியவிடிய நடக்கும் கானாவில் ஒரு சுரம் குழைந்து விழுந்து ஒருவர் கண்ணைத் துடைத்தால், அதில் அந்த மனுஷனுக்கும் ஒரு பங்கு உண்டு.